கைபேசிக்குக் காவலாள் வேண்டுமா?



ஒரு பொருளுக்குப் பொருத்தமான பெயர் அமைந்துவிட்டால் அதைப் பற்றிய பாடத்திற் பாதி நடந்துவிட்டது என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பெயர் பொருந்தாமற் போனால் என்ன தொல்லை விளையும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. அதைப் பிற்காலத்து அனுபவமே கற்பித்தது. 'வைரஸ்' என்னும் பெயர் அத்தகைய தொல்லையை நமக்கு உண்டாக்கியிருக்கிறது. கைபேசிக்கு வைரஸ் வரும் என்று கேட்ட மாத்திரத்தில், நோய்க்கிருமி காற்றிலே மிதந்து வந்து உடம்பிற் புகுவது போல ஏதோ ஒன்று தானாகவே வந்து புகுந்துவிடும் என்று எண்ணிக்கொள்கிறோம். கிருமிக்குத் தடுப்பூசி உண்டு அல்லவா? அதுபோல 'ஆன்ட்டிவைரஸ்' என்னும் செயலி ஒன்றை ஏற்றிவைத்துக்கொண்டால் அச்சமின்றி உறங்கலாம் என்றும் முடிவு செய்கிறோம். இம்முடிவு எவ்வளவு தூரம் சரியானது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

விடையைக் கடைசிவரையில் மறைத்துவைத்துக் கேட்போரை இழுத்துச் செல்லும் வித்தை எனக்கு வராது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிற் பெரும்பாலோருடைய கைபேசிக்குத் தனியாக ஓர் ஆன்ட்டிவைரஸ் செயலி தேவையில்லை. தேவையில்லை என்பதால் அபாயமே இல்லை என்று பொருளன்று. அபாயம் இருக்கிறது, ஆனால் நாம் காவலாளை நிறுத்திவைத்திருக்கும் வாசல் வேறு, கள்வன் வருகின்ற வாசல் வேறு.

இந்தப் பெயரின் வரலாறு சுவையானது. 1982ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரிச் ஸ்கிரென்டா என்னும் 15 வயதுப் பள்ளி மாணவன் ஒரு குறும்பு செய்தான். ஆப்பிள்-2 என்னும் கணினிக்காக அவன் எழுதிய 'எல்க் குளோனர்' என்ற நிரல், ஒரு பிளாப்பித் தட்டிலிருந்து மற்றொரு தட்டுக்குத் தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு பரவியது. அந்தத் தட்டைக்கொண்டு ஐம்பதாவது முறை கணினியைத் தொடங்கினால் திரையில் ஒரு சிறு செய்யுள் தோன்றும். தோழர்களைச் சீண்டுவதே அவன் நோக்கம்; வேறு பெருந்தீங்கு அதில் இல்லை. அடுத்த ஆண்டுகளில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பிரெட் கோகன் என்னும் மாணவர் இத்தகைய நிரல்களை முறையாக ஆராய்ந்து 1984இல் கட்டுரை எழுதினார். அவற்றுக்கு 'வைரஸ்' என்னும் பெயரை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் லெனார்டு ஏடில்மன். 1986இல் பாகிஸ்தானத்தின் லாகூர் நகரில் சகோதரர் இருவர், தாங்கள் எழுதிய மருத்துவ நிரலைப் பிறர் திருட்டுத்தனமாகப் படியெடுப்பதைக் கண்டு வெகுண்டு, 'பிரெயின்' என்னும் வைரஸை எழுதினார்கள். தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் அதற்குள்ளேயே எழுதிவைத்தார்கள். முகவரி எழுதிவிட்டுப் போன கள்வரை உலகம் அதற்குப் பிறகு அதிகமாகக் கண்டதில்லை!

அந்தக் காலத்துக் கணினியை ஒரு பெரிய கூடத்துக்கு ஒப்பிடலாம். அறை இல்லை, தடுப்புச் சுவர் இல்லை, கதவும் இல்லை. உள்ளே வந்த எந்த நிரலும் எந்தக் கோப்பையும் தொடலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஆதலால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவது அங்கே எளிதாயிற்று; வைரஸ் என்ற பெயரும் பொருத்தமாயிற்று. அதே காரணத்தால் அந்தக் கூடத்தில் ஒரு காவலாளை நிறுத்துவதும் பயனுடையதாயிற்று. அவனும் எங்கும் செல்லலாம், எதையும் திறந்து பார்க்கலாம். ஆன்ட்டிவைரஸ் வணிகம் பிறந்து வளர்ந்தது இந்தக் கூடத்திலேதான்.

நிற்க. கைபேசி அந்தக் கூடம் அன்று. 2007இல் ஐபோனும் 2008இல் ஆண்ட்ராய்டுப் பேசியும் விற்பனைக்கு வந்தன. அவற்றை வகுத்தவர்கள் பழைய கணினிகளின் அனுபவத்தைக் கற்றவர்கள். ஆகவே அவர்கள் வேறு வகையாகக் கட்டினார்கள். நீங்கள் தங்கியிருக்கும் மாணவர் விடுதியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மாணவனுக்கும் ஓர் அறை. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு. ஒருவன் அறைக்குள் மற்றொருவன் விடுதிக் காப்பாளரின் உத்தரவின்றி நுழைய முடியாது. கைபேசியிற் செயலிகள் இவ்வாறுதான் குடியிருக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனிப் பயனர் எண் ஒன்று கொடுக்கப்படுகிறது. ஒன்றின் தனிக் கோப்புகளை மற்றொன்று தொட முயன்றால், இருவேறு மனிதரின் உடைமை என்றே இயங்குதளம் கருதித் தடுத்துவிடுகிறது. கேமரா, ஒலிவாங்கி, தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள் ஆகியவை விடுதியின் பொதுச்சொத்து. அவற்றைத் தொடவேண்டுமானால் அனுமதி கேட்கவேண்டும். இங்கே அனுமதி கொடுப்பவர் யார்? கைபேசிக்கு உரியவராகிய நீங்கள்தாம். இந்த ஓரிடத்தை மனத்திற் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, ஒரு கோப்பிலிருந்து மற்றொரு கோப்புக்குத் தானே தொற்றிக்கொண்டு செல்லும் பழைய வைரஸ் இன்றைய கைபேசியில் அநேகமாக இல்லை. பேசிகளிற் பரவிய முதல் நிரல் என்று சொல்லப்படும் 'கேபிர்' 2004இல் தோன்றியது. அது சிம்பியன் என்னும் இயங்குதளம் பூண்ட அக்காலத்துப் பேசிகளில் புளூடூத் வழியாகத் தாவியது. 2005இல் ஹெல்சிங்கி நகரில் நடந்த உலகத் தடகளப் போட்டி அரங்கிலே, மக்கள் நெருங்கி அமர்ந்திருந்தமையால், அது சிலருடைய பேசிகளிற் பரவியது. ஆயினும் அந்தக் கேபிர்கூட, 'ஒரு செய்தி வருகிறது, ஏற்றுக்கொள்ளலாமா?' என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தது. வேண்டாம் என்றால் மறுபடியும் கேட்கும். மறுபடியும் மறுபடியும் கேட்கும். சலித்துப்போய் 'சரி' என்று அழுத்தியவர்களே அகப்பட்டார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும் கள்வரின் முறை பெரிதும் மாறவில்லை.

இனி, இந்த விடுதியில் ஆன்ட்டிவைரஸ் செயலியின் நிலை யாது? அதுவும் ஓர் அறையிற் குடியிருக்கும் மாணவனே, காப்பாளர் அல்லன். மற்றவர் அறைகளைத் திறந்து பார்க்கும் சாவி அதனிடம் இல்லை. ஐபோனில் எந்தச் செயலி குடியிருக்கிறது என்று முழுதாகச் சோதிக்கவும் அதற்கு வழியில்லை. அங்கே பாதுகாப்பு என்னும் பெயரோடு விற்கப்படுபவை வைரஸைத் தேடுவதில்லை. தீய இணைய முகவரிகளைக் குறித்து எச்சரிப்பது, திருடுபோன கடவுச்சொற்களைச் சொல்வது முதலிய வேறு தொண்டுகளைச் செய்கின்றன. ஆண்ட்ராய்டில் நிலை சற்று வேறு. அங்கே, ஏற்றப்பட்ட செயலிகளின் பொதியை அது படித்து, தன்னிடமுள்ள தீயவர் பட்டியலோடு ஒத்துப் பார்க்கலாம். ஒத்துவந்தால் உங்களிடம் முறையிடலாம். நீங்கள் சம்மதித்தாலன்றி அதனால் வெளியேற்ற முடியாது. இதே சோதனையை 2017 முதல் 'பிளே புரொடெக்ட்' என்னும் பெயரில் கூகுள் நிறுவனமே ஆண்ட்ராய்டுப் பேசிகளில் செய்துவருகிறது. தொடக்க ஆண்டில் அது பிற நிறுவனங்களின் செயலிகளைவிடப் பின்தங்கியிருந்தது உண்மையே, பின்னர்த் தேறியது. அது உங்கள் பேசியில் ஏற்கெனவே இருக்கிறது. தனியாகப் பணம் கட்டவேண்டுவதில்லை.

வெளியிலிருந்து அழைத்துவரும் காவலாளர் எவ்வளவு திறமையுடையவர் என்பதைப் பரீட்சை வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. பரீட்சை என்றால் எனக்கு எப்பொழுதும் ஒரு தனி ஆர்வம். ஆஸ்திரியா நாட்டின் இன்ஸ்புரூக் நகரிலுள்ள ஏ.வி.-கம்பேரட்டிவ்ஸ் என்னும் சோதனை நிலையத்தார் 2019இல் ஆண்ட்ராய்டுக்கான 250 ஆன்ட்டிவைரஸ் செயலிகளை ஒருங்கே சோதித்தார்கள். முந்திய ஆண்டில் நடமாடிய 2000 தீய செயலிகளை ஒவ்வொன்றின் முன்னும் வைத்தார்கள். நூற்றுக்கு முப்பதுக்கு மேற்பட்டவற்றைக் கண்டுபிடித்து, நல்லவற்றின் மேல் பொய்க்குற்றம் சுமத்தாமல் இருந்தால் தேர்ச்சி என்று வைத்தார்கள். நம் பள்ளித் தேர்வில் 35 வாங்கவேண்டும். இது அதனினும் எளிது. 250 பேரில் தேறியவர் 80 பேரே! ஒன்றையும் தவறவிடாது நூற்றுக்கு நூறு பெற்றவர் 23 பேர் என்பதையும் நடுவுநிலைமை கருதிச் சொல்லிவிடவேண்டும்.

தேறாதவர் தோற்ற விதம் விநோதமானது. சில செயலிகள் மற்றச் செயலிகளின் உள்ளடக்கத்தைச் சோதிக்கவேயில்லை. பெயரை மட்டும் பார்த்தன. நல்லவர் பட்டியலில் உள்ள பெயராக இருந்தால் உள்ளே விட்டன. இல்லாவிட்டால் தீயது என்று கூவின. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைப் போலத் தன் பெயரை வைத்துக்கொண்டு ஒரு தீய செயலி வந்தால் அதற்கு வணக்கம் செலுத்தி வழிவிட்டிருக்கும். இன்னுஞ் சில, தம் பெயரையே அந்த நல்லவர் பட்டியலிற் சேர்க்க மறந்துவிட்டமையால், தம்மைத்தாமே தீயவை என்று அறிவித்தன. இவற்றையும் மக்கள் இலட்சக்கணக்கிற் பதிவிறக்கம் செய்து வைத்திருந்தார்கள் என்பதுதான் நகைப்பை அடக்குகிறது.

இதனினும் துணிந்த மோசடி 2014இல் நடந்தது. 'வைரஸ் ஷீல்டு' என்னும் செயலி 4 டாலர் விலையில் கூகுள் கடையில் விற்றது. பத்தாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். விற்பனைப் பட்டியலின் உச்சிக்கே சென்றுவிட்டது. அதைப் பிரித்து ஆராய்ந்தபோது அது செய்த வேலை ஒன்றே ஒன்று: தொட்டவுடன் திரையிலுள்ள கேடயப் படத்தில் பெருக்கற்குறி நீங்கிச் சரிக்குறி தோன்றும். அவ்வளவே. வாங்கியவர்களுக்குக் கூகுள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2022இல் அதே கடையில் ஆன்ட்டிவைரஸ் வேடம் புனைந்த ஆறு செயலிகள் அகப்பட்டன. வங்கிக் கடவுச்சொற்களைத் திருடும் 'ஷார்க்பாட்' என்னும் தீநிரலை அவை உள்ளே கொண்டுவந்தன. அகற்றப்படுவதற்கு முன் பதினையாயிரம் தடவைக்கு மேல் அவை இறக்கப்பட்டிருந்தன. மெய்யான காவலாளர் மேலும் வழக்கு வந்ததுண்டு. ஆன்ட்டிவைரஸ் துறையிற் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனம், தன்னை நம்பியவர்கள் இணையத்தில் எங்கெங்கே சென்றார்கள் என்னும் விவரத்தைத் திரட்டித் தன் துணை நிறுவனத்தின் வாயிலாக விற்றது என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2024இல் 1 கோடியே 65 இலட்சம் டாலர் செலுத்துமாறு உத்தரவாயிற்று. காவலாளுக்கு நாம் நிறையக் கதவுகளைத் திறந்துவிடுகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும் அல்லவா?

அப்படியானால் நம் ஊர்களில் நாள்தோறும் கேள்விப்படுகிறோமே, கைபேசியைத் தொட்டார், வங்கிப் பணம் போயிற்று என்று. அது எவ்வாறு நிகழ்கிறது? என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள் நெருக்கமாக வந்த சமயம். அவரிடம் முப்பது ஆண்டுகளுக்கு முன் படித்த மாணவர் ஒருவருடைய எண்ணிலிருந்து வாட்ஸப்பில் ஒரு கோப்பு வந்தது. 'திருமண அழைப்பிதழ்' என்று அதற்குப் பெயர். ஓவிய ஆசிரியரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்னும் குறை அவருக்கு எப்பொழுதும் உண்டு. ஒருவன் நினைவு வைத்து மகள் திருமணத்துக்கு அழைக்கிறானே என்று மகிழ்ந்து அதைத் தொட்டார். பெயரின் இறுதியில் 'ஏ.பி.கே.' என்னும் மூன்றெழுத்து இருந்தது. படமாகவோ ஏடாகவோ வரும் அழைப்பிதழுக்கு அந்த வால் இராது. ஆண்ட்ராய்டுச் செயலிப் பொதிக்கே உரியது அது.

கைபேசி அவரைத் தடுக்காமல் இல்லை. இது கடைக்கு வெளியிலிருந்து வரும் செயலி, ஏற்கலாமா என்று கேட்டது. பிறகு குறுஞ்செய்திகளைப் படிக்க இதற்கு அனுமதி உண்டா என்று கேட்டது. இரண்டும் ஆங்கிலத்தில் இருந்தன. அழைப்பிதழைப் பார்க்கும் ஆவலில் அவர் இரண்டுக்கும் 'ஆம்' என்றார். அழைப்பிதழ் திறக்கவில்லை, செயலியின் சின்னமும் திரையிலிருந்து மறைந்தது. அன்றிரவு வங்கியிலிருந்து வந்த ஒருமுறைக் கடவு எண்களையெல்லாம் அந்தச் செயலி படித்து வேறெங்கோ அனுப்பிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் மூன்று தவணையாக எழுபத்து நாலாயிரம் ரூபாய் போய்விட்டது. மனைவியின் முழங்கால் அறுவைக்கென்று சேர்த்த பணம் அது. காலையில் அதே அழைப்பிதழ் அவர் பெயரால் எனக்கும் வந்திருந்தது. அவருக்கு மணமாகவேண்டிய மக்கள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆதலின் அதைத் தொடாமல் அவரைக் கூப்பிட்டேன். அதற்குப் பின்னரே அவர் தம் வங்கிக் கணக்கைப் பார்த்தார்.

இதிற் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அவருடைய பேசியில் ஆண்டுச் சந்தா கட்டிய ஆன்ட்டிவைரஸ் செயலி இருந்தது. அன்று முழுதும் அது பச்சைச் சரிக்குறியையே காட்டிக்கொண்டிருந்தது. அதைக் குறைகூறுவதற்கில்லை. தீயவர் பட்டியலில் ஏறியவரை அடையாளங் காண்பதே அதன் முதன்மையான தொழில். இத்தகைய பொதிகளையோ கள்வர் ஓயாமல் உருமாற்றி அனுப்புகிறார்கள். பட்டியல் எப்பொழுதும் ஓரடி பின்னே வருகிறது. பட்டியலை விட்டு நடத்தையைக்கொண்டு தீர்ப்புச் சொல்லும் திறமையும் சில செயலிகளுக்கு உண்டு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. முன்னே சொன்ன பிரெட் கோகன், எல்லா வைரஸையும் பிழையின்றிக் கண்டறியும் நிரல் ஒன்றை எழுதவே இயலாது என்பதை அந்நாளிலேயே தருக்க முறையில் நிறுவிவிட்டார். கணிதம் பயிலும் மாணவர்கள் அந்த நிரூபணத்தைத் தேடிப் படிக்கலாம். ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அழகிய தருக்கம் அது.

அன்றியும், குறுஞ்செய்தியைப் படிப்பது ஒரு குற்றமன்று. எத்தனையோ நேர்மையான செயலிகள் அதைச் செய்கின்றன. உரியவரே அனுமதி கொடுத்த பிறகு, இது திருட்டா தொண்டா என்று நிரலால் எவ்வாறு பிரித்தறிய முடியும்? இந்த உண்மையை உணர்ந்தே கூகுள் நிறுவனத்தார் 2024இல் முதலில் சிங்கப்பூரிலும், பின்னர் இந்தியாவிலும் ஒரு புது ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இணையத்திலிருந்தோ வாட்ஸப் போன்ற செய்திச் செயலியிலிருந்தோ நேரே இறக்கப்படும் பொதி, குறுஞ்செய்தி, அறிவிப்புகள், 'அணுகல் வசதி' என்னும் சில அனுமதிகளைக் கேட்குமாயின், ஏற்றுவதையே தடுத்துவிடும் ஏற்பாடு அது. அணுகல் வசதி என்பது பார்வை குறைந்தோர்க்காகத் திரையைப் படித்துச் சொல்வதற்கும், அவர்களுக்குப் பதிலாகத் தொடுவதற்கும் அமைந்தது. அறத்துக்கென வைத்த அந்தக் கதவின் வழியாகவே இன்று கள்வர் மிகுதியாக நுழைகிறார்கள்.

நிரலே இல்லாத திருட்டும் உண்டு. காவல் அதிகாரி போலக் காணொளியில் தோன்றி, 'உம்மை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்' என்று மிரட்டிப் பணத்தைக் கறப்பவர்களிடம் எந்தத் தீநிரலும் இல்லை. அத்தகைய கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. அதைப் பற்றி மற்றொரு நாள் பேசலாம்.

மற்றொரு கோடியில், யாதோர் அனுமதியும் கேளாமல் நுழையும் கருவிகளும் இருக்கின்றன. 'பெகாசஸ்' என்னும் உளவு நிரலைக் கனடாவின் டொரான்டோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் 2016இல் வெளிப்படுத்தினார்கள். 2021இல் அது உலகமெங்கும் பேசப்பட்டது. தொடாமலே தொற்றும் ஆற்றல் அதற்கு இருந்தது. ஆனால் அது பெரும்பொருள் செலவில் செய்தியாளர், வழக்கறிஞர், அரசியலார் முதலியோரைக் குறிவைத்து ஏவப்படுவது. கடைச் செயலிகள் அதைக் கண்டறியவும் இல்லை. அத்தகைய கருவி நுழைவது இயங்குதளத்தில் உள்ள ஓட்டை வழியாக. ஓட்டையை அடைப்பவர் காவலாளர் அல்லர், கொத்தனார். 2015இல் ஆண்ட்ராய்டில் 'ஸ்டேஜ்பிரைட்' என்னும் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு படச்செய்தி வந்தாலே போதும், உள்ளே நுழையலாம் என்னும் நிலை. அதன் பிறகே மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கத்தைக் கூகுள் மேற்கொண்டது. 'அப்டேட்' என்று திரையில் வந்து நிற்கும்போது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளுகிறோமே, அந்தக் கொத்தனாரைத்தான் வாசலோடு திருப்பியனுப்புகிறோம்.

இங்கே என் மனத்தை உறுத்தும் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். நம் வீடுகளில் புதுக் கைபேசி யாருக்கு வாங்குகிறோம்? கல்லூரியிற் சேர்ந்த பிள்ளைக்கு. அவன் பழைய பேசி தாய்க்குப் போகிறது. தாயின் பேசி பாட்டனுக்கோ பாட்டிக்கோ வந்துசேர்கிறது. உடைந்த திரையும் ஓய்ந்த மின்கலமும் அன்றி, பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன இயங்குதளமும் அதனோடு வருகிறது. பிக்சல் 8 பேசிக்கு ஏழாண்டுக் காலம் திருத்தம் தருவதாகக் கூகுள் 2023இலும், கேலக்ஸி எஸ் 24 பேசிக்கு அவ்வாறே தருவதாகச் சாம்சங் 2024இலும் அறிவித்தன. அவை உயர்ந்த விலைப் பேசிகள். நம்மிற் பலர் வாங்கும் மலிவான பேசிகளுக்கு அத்தனை காலம் கிடைப்பதில்லை. வீட்டிலேயே ஓட்டை மிகுந்த பேசி எதுவோ, அதில்தான் முதியவரின் ஓய்வூதியக் கணக்கு இருக்கிறது. பிள்ளையின் புதுப்பேசியில் இருப்பதோ பாட்டும் படமும். பாதுகாப்பைப் பங்கிடுவதில் நாம் எவ்வளவு தலைகீழாக நிற்கிறோம், பார்த்தீர்களா?

ஆன்ட்டிவைரஸ் செயலி யாருக்குத் தேவைப்படலாம் என்று கேட்டால், இத்தகைய பழம்பேசி ஒன்றை வேறு வழியின்றி வைத்திருப்பவருக்கும், தொழில் காரணமாகக் கடைக்கு வெளியிலிருந்து செயலி ஏற்றவேண்டியவருக்கும் என்பேன். அவர்களும் சோதனை நிலையங்களில் ஆண்டுதோறும் தேறிவரும் சிலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். விளம்பரத்தில் வந்து, 'உங்கள் பேசியில் 13 வைரஸ்கள் இருக்கின்றன. உடனே தொடுங்கள்' என்று அலறுவது எதுவானாலும் அது பொய். இணையப் பக்கம் ஒன்று உங்கள் பேசியைச் சோதித்துக் கணக்குச் சொல்லிவிட முடியாது.

நீங்கள் செய்யத்தக்கது ஒன்று இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு முதியவரோடு அமர்ந்து அவருடைய பேசியின் அமைப்புப் பகுதியைத் திறவுங்கள். பாதுகாப்புத் திருத்தம் எந்த மாதத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். தெரியாத இடத்துச் செயலிகளை ஏற்றும் அனுமதி வாட்ஸப்புக்கோ உலாவிக்கோ தரப்பட்டிருந்தால் அதை நீக்குங்கள். குறுஞ்செய்தியைப் படிப்பவை எவை, அணுகல் வசதியைப் பெற்றவை எவை என்று நோக்கி, அடையாளந் தெரியாததை அகற்றுங்கள். பிளே புரொடெக்ட் அணைந்து கிடந்தால் ஏற்றுங்கள். பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக்கொடுங்கள்; எச்சரிக்கை விளங்கினாலன்றி எச்சரிக்கை ஆகாது. ஓய்வூதியக் கணக்கை, கூடுமானால், திருத்தம் பெறும் பேசி ஒன்றுக்கு மாற்றுங்கள். இவையெல்லாம் அரைமணி நேர வேலை. அவரை அதட்டாமல் செய்யுங்கள். அதட்டினால் அடுத்த முறை தவறி எதையாவது தொட்டுவிட்டாலும் உங்களிடம் சொல்லமாட்டார். என் ஓவிய நண்பரும் அன்றிரவே ஏதோ கோளாறு என்று உணர்ந்திருந்தார். மகன் கோபிப்பானே என்று விடியும்வரையில் பேசாதிருந்தார்.

அந்த நேரமே விலைமதிப்புடையது. தீய செயலி உள்ளே வந்துவிட்டது என்று ஐயம் எழுந்தவுடன் பேசியின் இணையத் தொடர்பைத் துண்டித்து, விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். வேறொரு பேசியிலிருந்து வங்கிக்கும், இணையக் குற்ற உதவி எண்ணாகிய 1930க்கும் சொல்லுங்கள். பணம் கைமாறிக் கைமாறி எடுக்கப்படுவதற்குள் இடையிலுள்ள கணக்கை நிறுத்திவைக்க அவர்களால் இயலும். நண்பருக்கும் ஒரு பகுதி அவ்வாறு நிறுத்தப்பட்டது. புகார் எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள். தொற்றிய பேசியிலிருந்தே அழைக்கவேண்டாம். அழைப்புகளை வேறோர் எண்ணுக்குத் திருப்பிவிடும் ஆற்றல் அத்தகைய நிரல்களிற் சிலவற்றுக்கு உண்டு.